படத்தின் பின்பக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மரச்சாமானும் எனாமல் பாத்திரமும் வாங்கத்தான் வருகிறார்கள். அவற்றுக்கு நடுவே பழைய குடும்பப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஆண், பக்கத்தில் நகை பூட்டி நிற்கும் பெண், அசையாதே என்று அதட்டி நிறுத்தப்பட்ட குழந்தை. விலை பெரும்பாலும் தேக்குச் சட்டத்துக்குத்தான். வாங்கியவர் படத்தை உருவி எறிந்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டால் கேட்க ஆளில்லை. உள்ளே இருப்பவர் யார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்கு விற்றவருக்குத் தெரிந்திருக்கலாம். பாகப்பிரிவினை முடிந்து சாமான் மொத்தமாகக் கைமாறிய நாளில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்படி வெளியே வரும் காகிதமும் படமும் எப்போதாவது ஒரு காப்பகத்தை அடைகின்றன. அடைந்துவிட்டால் பிழைத்தது என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மைதான். எந்த வீட்டிலிருந்து வந்தது, எதனோடு சேர்ந்து இருந்தது, யார் எதற்காக எடுத்து வைத்தார்கள் என்கிற செய்தியும் கூடவே வந்தால்தான் அது ஆவணம். இல்லையென்றால், குளிர்சாதன அறையில் வைத்த பழைய காகிதம். தமிழ்நாட்டில் தனிமனிதர் ஆவணங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பைக் கரையானின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. இந்தச் செய்தி அறுந்துபோனதே அதைவிடப் பெரிய இழப்பு என்பது என் கணிப்பு.

அரசாங்கக் காகிதங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சென்னை எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பதிவுகள் 1670களிலிருந்து இருக்கின்றன. கோப்பு எந்தத் துறையில் பிறந்தது, அதற்கு என்ன எண், அடுத்து எந்த மேசைக்குப் போனது என்பதெல்லாம் கோப்பின் மேலேயே இருக்கும். வீட்டுக் காகிதத்துக்கு எண் ஏது? அதற்கு இருந்த ஒரே ஒழுங்கு, வைத்தவர் வைத்த இடம். டிரங்குப் பெட்டியின் அடியில் நிலப்பத்திரம், அதற்குமேல் துணியில் சுற்றிய ஜாதகக் கட்டு, மொய் நோட்டு, கம்பியில் குத்திய தபால்கள். அந்தக் கம்பியில் எது கீழே, எது மேலே என்பதுதான் காலவரிசை. சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்தத் தபால்களை உருவி அளவு வாரியாக அடுக்கினால் வரிசை அன்றோடு போயிற்று.

கடிதங்களின் கதையைப் பார்ப்போம். ஒருவர் தம் வீட்டில் சேர்த்து வைக்கும் கடிதங்கள் அவர் எழுதியவை அல்ல, அவருக்கு வந்தவை. வெளிப்படையான விஷயம்தான், ஆனால் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கும்போதுதான் இது உறைக்கும். பெட்டியின் மேல் ஒருவர் பெயர் எழுதியிருக்கும், உள்ளே பேசுவதெல்லாம் மற்றவர்கள். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைத் தம் ஏட்டுச்சுவடிகளைப் போலவே பேணியவர். அவர் 1942இல் காலமானார். அடுத்த ஆண்டு அவர் பெயரில் நூல்நிலையம் உருவாயிற்று. அங்கே அந்தக் கடிதங்கள் தங்கின. 1877 முதல் 1900 வரையிலானவற்றை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, 'உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்' என்ற பெயரில் முதல் தொகுதி 2018இல் வெளியானது. சீவக சிந்தாமணி அச்சேறிய 1887 இந்தக் காலத்துக்கு நடுவில் வருகிறது. பாரீசிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் ஐயருக்குத் தமிழிலேயே எழுதினார். ஐயரின் தன்வரலாற்றில் ஒரு குரலில் கேட்ட பதிப்பு முயற்சியின் கதையை, இங்கே அவரைச் சுற்றி இருந்தவர்களின் பல குரல்களில் கேட்கிறோம். ஆனால் அவர்களுக்கு ஐயர் எழுதிய பதில்கள்? அவை போய்ச் சேர்ந்த வீடுகளில் இருந்திருக்க வேண்டும். எத்தனை வீடுகள் ஐயரின் வீட்டைப்போல இருந்தன?

இதன் மறுபக்கம் புதுமைப்பித்தன். 'கண்மணி கமலாவுக்கு' என்ற தலைப்பில் நூலாக வந்திருப்பவை, அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். எழுத்தாளர் கையில் அல்ல, பெற்றுக்கொண்டவர் கையில் பிழைத்தவை. பணமில்லாமை, உடல்நலம், ஊருக்கு வருவதாகச் சொன்ன தேதி தள்ளிப்போவது என்று அவர் கதைகளில் வராத ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். எழுத்தாளரைப் பற்றிய ஆவணத்தைத் தேடுகிறவர்கள் அவர் மேசையை மட்டும் தேடுகிறார்கள். அவர் யாருக்கெல்லாம் எழுதினாரோ அந்த வீடுகளின் பரணைத் தேடுவதில்லை.

இரண்டு முனையும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வ.உ.சி.–காந்தி கடிதங்களைச் சொல்ல வேண்டும். சிறையிலிருந்து வந்து வறுமையில் கிடந்த வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டித் தந்திருந்தார்கள். அந்தப் பணம் பற்றி 1915–16இல் இருவருக்கும் இடையில் கடிதங்கள் நடந்தன. வேங்கடாசலபதி அவற்றை வைத்து எழுதிய நூலின் துணைத்தலைப்பே ஒரு தொகைதான்: 347 ரூபாய் 12 அணா. அந்தப் பன்னிரண்டு அணா வரைக்கும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கடிதம் காகிதத்தில் இருந்தது, அதை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான். வாய்மொழியாக இந்தக் கதை வந்திருந்தால் தொகை ஆயிரங்களாகவும், வருத்தம் பகையாகவும் வளர்ந்திருக்கும்.

கடிதத்தின் தேதி என்பதே ஒரு தனிப் பாடு. பழைய தமிழ்க் கடிதங்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இருக்காது. 'சர்வஜித்து வருஷம் ஆவணி மாதம் 5ஆம் தேதி' என்று இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் சர்வஜித்து 1887–88லும் வரும், 1947–48லும் வரும். கையெழுத்தை வைத்து, மையை வைத்து ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்வது தபால் முத்திரைதான். கார்டு என்றால் பிரச்சினையில்லை. 1879 ஜூலையில் கால் அணாவுக்கு வந்த தபால் கார்டில் எழுத்தும் முத்திரையும் ஒரே அட்டையில்தான் இருக்கும். கவர் என்றால், உள்ளே இருந்த கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவது வீட்டுப் பழக்கம். உறை தப்பித்தாலும், தபால்தலை சேகரிக்கும் பையன் ஒருவன் அந்த வீட்டில் பிறந்து மூலையைக் கத்தரித்திருப்பான். தலையோடு தேதியும் போயிருக்கும். எத்தனையோ கடிதங்கள் இன்று 'காலம்: தெரியவில்லை' என்ற குறிப்போடு இருப்பதில் அந்தப் பையன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீடு எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பதில் நம் வழக்கங்களின் கையும் இருக்கிறது. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எறிய மனம் வராது; அடுக்கி வைத்தோம். இழவுச் செய்தி சொல்லும் கார்டைப் படித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். விளைவு, வீட்டுக் காகிதங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத முனைகிறவருக்குத் திருமணங்கள் எளிதாகக் கிடைக்கின்றன, மரணங்கள் கிடைப்பதில்லை. காலரா வந்த ஆண்டில் ஒரு வீடு எத்தனை கார்டு பெற்றது என்று அந்த வீட்டுப் பெட்டி சொல்லாது.

படங்களில் நிலைமை தலைகீழ். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்த தலைமுறையில், பலருக்கு இருக்கும் ஒரே படம் இறந்தபின் எடுத்தது. உடலை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலையிட்டு, நெற்றியில் நாணயம் ஒட்டி, சுற்றிலும் மகன்களும் மருமகள்களும் நிற்க எடுத்த படங்கள் நம் ஊர் வீடுகளில் ஏராளம். இன்றைய பிள்ளைகள் அருவருத்து முதலில் அப்புறப்படுத்துவது இத்தகைய படத்தைத்தான். ஒரு குடும்பத்தின் மொத்தக் கிளைகளும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும் அரிய சான்று அது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கல்யாணத்துக்கு வராத பங்காளிகூடச் சாவுக்கு வந்திருப்பான், படத்தில் இருப்பான்.

ஸ்டுடியோப் படம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஆறரை அங்குல உயரமும் நாலே கால் அங்குல அகலமும் கொண்ட கெட்டி அட்டையில் ஒட்டிய கேபினட் அளவுப் படம். முன்பக்கம் கீழே பொன் எழுத்தில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும். பின்னணியில் திரைச்சீலையில் வரைந்த கல்தூண், ஏதோ ஐரோப்பிய மாளிகையின் படிக்கட்டு. தரையில் விரித்த கம்பளம் ஓர் ஓரத்தில் முடிந்துவிட, அதற்கப்பால் மண்தரை தெரிகிறது. அட்டையில் ஒட்டும்போது வெட்ட மறந்துவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் கையில் புத்தகம். அது ஸ்டுடியோவின் புத்தகமாக இருக்கலாம், அவர் எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். முகத்தில் சுருக்கமே இல்லையே என்றால், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்ததன் கைவண்ணம். இதுவரை பார்த்தது முன்பக்கம். திருப்பினால், நெகட்டிவ் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது, எண்ணைக் குறிப்பிட்டால் எப்போது வேண்டுமானாலும் நகல் பெறலாம் என்ற அச்சிட்ட வாக்குறுதி. அதன் அருகே மையில் எழுதிய ஓர் எண்.

அந்த எண்தான் படத்தின் உயிர். ஸ்டுடியோவில் ஒரு பதிவேடு இருந்தது. எண்ணுக்கு எதிரே பெயர், ஊர், தேதி, கொடுத்த முன்பணம். பதிவேடு இருந்தால் பெயரற்ற முகம் ஒரே நொடியில் இன்ன ஊர் இன்னார் ஆகிவிடும். ஸ்டுடியோ மூடப்படும்போது முதலில் போவது அந்தப் பதிவேடுதான், அது வெறும் கணக்கு நோட்டு என்பதால். அடுத்தது நெகட்டிவ். கண்ணாடித் தகடாக இருந்தால் மேலிருக்கும் பூச்சைக் கழுவிவிட்டு வெறும் கண்ணாடியாக விற்றார்கள். அதே கண்ணாடி வேறொரு படத்துக்குச் சட்டக் கண்ணாடியாக ஆகியிருக்கலாம். பிலிமாக இருந்தால் வெள்ளி பிரித்தெடுக்கப் போட்டார்கள். பிழைக்க வழி தேடுகிற தொழிலாளியைக் குறை சொல்வதற்கில்லை. நகல் கேட்டு யாரும் வராத நெகட்டிவ் அவருக்கு இடத்தை அடைக்கும் சரக்கு.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்த விஷயத்தில் செய்திருக்கும் பணி கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004இல் தொடங்கியது. அதன் நிதியுதவியோடு, தமிழகத்து ஸ்டுடியோக்களிலும் குடும்பங்களிலும் இருந்த 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்வடிவாக்கினார்கள். அதற்கு முன்பே, கிராமப் பஞ்சாயத்துகள் தீர்த்த வழக்குகளின் காகிதங்களை ஊர்ப் பெரியவர்களின் வீடுகளிலிருந்து படியெடுத்திருந்தார்கள். முறிந்த மணம், நிலத்தகராறு, கோயில் மரியாதை, கொடுக்காத கடன் எல்லாம் அவற்றில் உண்டு. எந்த நீதிமன்றக் கோப்பிலும் இவை இல்லை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு விதி: மூலம் பிறந்த நாட்டைவிட்டு வெளியே போகாது, உலகத்துக்குப் போவது படிதான். காகிதம் தன் இடத்திலேயே இருக்கும்போது, அதன் கதை தெரிந்த மனிதரும் பக்கத்தில் இருக்கிறார்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்பட ஓர் உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக இருந்தவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், துண்டுப் பிரசுரம் என்று பிறர் குப்பை என்று கருதியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தச் சேகரம் முழுவதையும் வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக அமைத்ததுதான் அந்த முடிவின் சிறப்பு. இன்னொன்றும் உண்டு. அரிய புத்தகம் இவை, மற்றது வேண்டாம் என்று பொறுக்கி எடுத்திருந்தால், ஒரு தனிமனிதர் எதையெல்லாம் வரலாறு என்று நினைத்தார் என்ற வரலாறு காணாமல் போயிருக்கும். முழுதாக வந்ததால் அந்தச் சேகரமே அவருடைய கையெழுத்தாக இருக்கிறது.

முழுதாக வராமல் சிதறியதற்குப் பழைய உதாரணம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாய் வரை எழுதப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் தலைமைத் துபாஷி எழுதி வைத்த நோட்டுகள் அவை. அவர் வீட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, 1846இல் பிரெஞ்சுக்காரர் கலுவா மோம்பிரேன் கண்ணில் பட்டன. அவர் ஒரு படி எடுத்தார். எதுவார் ஆரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரீசுக்குப் போயிற்று. 1890களில் சென்னை அரசு தனக்கொரு படி எடுத்துக்கொண்டது. அந்தப் படியிலிருந்து 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் எழுதியவரைத் தமிழர்கள் நூலாகப் படிக்க அதற்குப் பிறகும் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிடையே நாட்களும் மாதங்களும் இல்லை. பிள்ளை எழுதாமல் விட்டாரா, நோட்டு தொலைந்ததா என்று சில இடங்களில் பிரித்தறிய வழியில்லை. முதலில் கண்டெடுத்தபோதே எந்த நோட்டு எந்த அலமாரியில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று ஒருவர் குறித்து வைத்திருந்தால் அறிஞர்களின் பாதித் தலைவலி தீர்ந்திருக்கும்.

பெட்டி வைத்திருந்தவர்களின் கதையாகவே இது போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலமும் வீடும் இருந்தவன் வீட்டில்தான் பரண் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தமிழரிடம் இருந்த காகிதம் எது? தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் போக அவருக்குத் தேவைப்பட்ட 'துண்டு'. இவர்மீது இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. தன்னைப் பற்றித் தான் எழுதாத, தன்னால் படிக்கவும் முடியாத ஒரு கடன் சீட்டுதான் அவருடைய தனி ஆவணம். பெண்கள் நிலையும் பெரும்பாலும் இதற்கு நெருக்கமானதே. அதை உணர்ந்துதான் எழுத்தாளர் அம்பை, மும்பையில் 1988இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஸ்பாரோ'வைத் தொடங்கினார். பெண்களுக்கென்று அமைந்த ஒலி, ஒளிப்பட ஆவணக் காப்பகம் அது. காகிதம் இல்லாதவரிடம் குரலைப் பதிவு செய்வதும், அவர் வைத்திருக்கும் நாலு படத்தை வைத்து அவரைப் பேச வைப்பதும் காப்பகத்தின் வேலைதான் என்பது அங்கே நடைமுறையாயிற்று.

படத்தோடு பேச்சும் சேர்ந்தால் கிடைக்கும் பலனுக்குப் பாரதி சான்று. அவருடைய படங்கள் என்று நமக்குக் கிடைத்தவை ஐந்து. அவற்றில் இரண்டு, 1919 நவம்பரில் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு அவர் போயிருந்தபோது எடுத்தவை. எங்கே, யாருடன், எந்தச் சந்தர்ப்பத்தில் எடுத்தது என்று நாம் இன்று சொல்ல முடிவதற்கு, பாரதியோடு பழகியவர்கள் உயிரோடு இருக்கையிலேயே ரா.அ. பத்மநாபனைப் போன்றவர்கள் தேடி அலைந்து விசாரித்ததுதான் காரணம். பத்மநாபனின் 'சித்திர பாரதி' 1957இல் வந்தது. இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருந்தால் படம் இருந்திருக்கும், சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

காப்பகத்தில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மொய் நோட்டில் யார் எவ்வளவு செய்தார் என்பது இன்னும் சில ஊர்களில் சண்டைக்குக் காரணமாகும். பஞ்சாயத்துக் காகிதத்தில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருப்பதை அவள் பேத்தி இணையத்தில் தற்செயலாகப் படிக்க நேர்வது சரியல்ல. கொடுக்கும் குடும்பம், இத்தனை ஆண்டு மூடி வை என்று நிபந்தனை போடலாம். நல்ல காப்பகம் அதை எழுதி ஒப்புக்கொள்ளும்.

பாதுகாப்பு என்ற பெயரில் வீடுகளில் நடக்கும் சேதத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரத்தைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்வதைப் போலக் கெடுதல் வேறில்லை. அந்தச் சூட்டில் மையும் தாளும் பாதிக்கப்படும், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். பசை தடவிய பக்கங்களில் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் எழுபது, எண்பதுகளில் பெரிய நாகரிகமாக இருந்தன. அவற்றிலிருந்து இன்று படத்தை உரித்தால் பின்பக்க எழுத்து பசையோடு போய்விடுகிறது. சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடே படியெடுப்பது நல்லது. பிலிம் நெகட்டிவ் வைத்த டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது; மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, முதலில் அதற்குப் படியெடுங்கள்.

நம் மாவட்டத் தலைநகர்களில் அருங்காட்சியகம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. அவற்றில் வீட்டுக் காகிதத்தை வாங்கிக்கொள்ள ஒரு மேசையும், கொண்டு வருபவரை உட்கார வைத்து அரை மணி நேரம் விசாரித்து எழுதிக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நன்கொடை ரசீதில் 'பழைய புகைப்படங்கள், 40' என்று எழுதி வாங்கி வைப்பதைவிட வாங்காமலே இருக்கலாம். அந்த வீட்டிலாவது யாருக்காவது பெயர் தெரிந்திருக்கும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த வாரமே படங்களை அவர் முன் பரப்பி, இடமிருந்து வலமாகப் பெயர் கேளுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல், பெயர், உறவு, ஊர், தோராயமான ஆண்டு எழுதுங்கள். அவருக்கு நினைவில்லாத முகத்துக்கு 'அம்மாச்சிக்கும் தெரியவில்லை' என்று எழுதி, கேட்ட தேதியையும் போட்டு வையுங்கள்.